நான்கு குளிர்காலங்களுக்குப் பிறகு எங்கள் நிலத்தடி ஹீட் பம்ப்: மீட்டர் சொல்வது என்ன?

துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி நிற்கிறது. நிலத்தின் வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடேற்றும் ஹீட் பம்ப் அதுதான். கறுப்பு நுரை சுற்றிய இரண்டு குழாய்கள் அதன் அடியிலிருந்து கிளம்பிச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போய், தோட்டத்தின் மூலையில் 140 மீட்டர் ஆழம் வரை நிலத்துக்குள் இறங்கித் திரும்புகின்றன. நான்கு குளிர்காலங்களாக எங்கள் வீட்டின் கதகதப்பும் குழாயில் வரும் வெந்நீரும் இந்த இரண்டு குழாய்களையே நம்பியிருக்கின்றன. பழைய கேஸ் பாய்லரைக் கழற்றிவிட்டு இதை வைத்தபோது, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நான்கு யூனிட்டுக்கு மேல் வெப்பம் கிடைக்கும் என்றார்கள். முதல் ஆண்டு கிடைத்தது 2.9, மூன்றாம் ஆண்டு கிடைத்தது 3.8. இடைப்பட்ட காலத்தில் பெட்டிக்குள் ஒரு திருகாணிகூட மாற்றப்படவில்லை. ஆகவே இந்த மதிப்புரையில் பெட்டியின் பெருமையைவிட, அந்த 0.9 எங்கிருந்து வந்தது என்பதே அதிக இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இயங்கும் விதத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிலத்தில் பத்துப் பதினைந்து மீட்டருக்குக் கீழே வெயிலும் பனியும் எட்டுவதில்லை. அங்குள்ள வெப்பநிலை, அந்த ஊரின் ஆண்டுச் சராசரிக் காற்று வெப்பநிலையை ஒட்டி ஏறக்குறைய மாறாமல் நிற்கும், இன்னும் ஆழமாகப் போனால் 100 மீட்டருக்குச் சுமார் 3 டிகிரி வீதம் ஏறும். உறையாதபடி கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் கலந்த நீர் அந்த ஆழத்துக்குப் போய்ச் சற்றே வெப்பமேறித் திரும்புகிறது. பெட்டிக்குள் இருக்கும் குளிர்பதனத் திரவம் அந்த மிதமான வெப்பத்தை வாங்கி ஆவியாகிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்தும்போது அதன் வெப்பநிலை உயர்கிறது. உயர்ந்த வெப்பம் ரேடியேட்டர்களுக்குப் போகும் நீரில் இறங்குகிறது. வீட்டு ஃபிரிட்ஜின் பின்புறம் ஏன் சுடுகிறது என்று தெரிந்தவருக்கு இதில் புதிது எதுவுமில்லை. கெல்வின் பிரபு இந்தக் கருத்தை 1852இல் எழுதிவைத்தார். நிலத்தை வெப்பமூலமாகப் பயன்படுத்தும் ஏற்பாட்டுக்கு ஹைன்ரிக் சோலி 1912இல் சுவிட்சர்லாந்தில் காப்புரிமை பெற்றார். நூறாண்டுக்கு மேல் வயதான யோசனையைப் புதுமை என்று சொல்லி விற்பது எனக்குச் சற்று வேடிக்கையாகவே இருக்கிறது.

விளம்பர ஏட்டில் அச்சிடப்படும் பயன்திறன் எண், அதாவது ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கிடைக்கும் வெப்பம், பொய்யானதன்று. ஐரோப்பியச் சோதனைத் தரமான இ.என். 14511இன்படி, நிலத்திலிருந்து வரும் கலவை 0 டிகிரியிலும் வீட்டுக்குப் போகும் நீர் 35 டிகிரியிலும் இருக்கும்போது அளந்த எண் அது. நல்ல இயந்திரங்கள் அந்த நிலையில் நாலரையையோ அதற்கு மேலோ எளிதாகத் தொடுகின்றன. ஆனால் 35 டிகிரி என்பது தரைக்குள் குழாய் பதித்துச் சூடேற்றும் வீட்டுக்கு உரிய வெப்பநிலை. சுவரில் ரேடியேட்டர் மாட்டிய பழைய வீடு கடுங்குளிரில் 50, 55 டிகிரி கேட்கும். இயற்பியல் அனுமதிக்கும் உச்சவரம்பைக் கணக்கிட்டுப் பார்த்தால், 0 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு ஏற்றும்போது அது 8.8 ஆகவும், 55 டிகிரிக்கு ஏற்றும்போது 6.0 ஆகவும் இருக்கிறது. நடைமுறை இயந்திரங்கள் இதில் ஏறத்தாழப் பாதியைத்தான் எட்டுகின்றன. அதாவது அதே பெட்டி, அதே நிலம், அதே நாள் என்றாலும், ரேடியேட்டருக்கு அனுப்பும் நீரின் சூட்டை மட்டும் கூட்டினால் நான்குக்கு மேல் தந்தது மூன்றாகச் சுருங்கிவிடுகிறது. ஒவ்வொரு டிகிரிக்கும் இரண்டு முதல் இரண்டரை விழுக்காடு என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

வீடுகளில் அளந்து வெளியிடப்பட்ட முடிவுகளும் இதையே காட்டுகின்றன. பிரிட்டனின் எனர்ஜி சேவிங் டிரஸ்ட் 83 வீடுகளில் ஹீட் பம்புகளை அளந்து 2010இல் வெளியிட்ட முதற்கட்ட அறிக்கையில், நிலத்தடி வகையின் நடுத்தர நிலை 2.3 முதல் 2.5 வரையில்தான் இருந்தது. மூன்றைத் தாண்டியவை சிறந்தவை மட்டுமே. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் சூரிய ஆற்றல் ஆய்வு நிறுவனம், புதிதாகக் கட்டப்படாத, ஏற்கெனவே குடியிருக்கும் வீடுகளில் அளந்து 2020இல் வெளியிட்ட முடிவில், நிலத்தடி வகையின் சராசரி 4.1 ஆகவும், காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் வகையின் சராசரி 3.1 ஆகவும் இருந்தன. இரண்டு அறிக்கைகளுக்கும் இடையில் பத்தாண்டுகள் ஓடியிருக்கின்றன, இயந்திரங்களும் ஓரளவு மேம்பட்டிருக்கின்றன, எதை எதை மின்செலவில் சேர்த்துக் கணக்கிடுவது என்ற எல்லைக்கோடும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. அத்தனையையும் கழித்துவிட்டாலும் மிஞ்சும் இடைவெளி பெரிது. அளவு தவறிய கருவி, வேண்டாத சூட்டில் ஓடும் நீர், யாருக்கும் புரியாத கட்டுப்பாட்டுப் பலகை ஆகியவைதான் அந்த இடைவெளியை நிரப்பியிருந்தன என்பதை எங்கள் வீட்டின் முதல் குளிர்காலத்தைப் பார்த்த பிறகு நான் எளிதில் நம்புகிறேன்.

அந்தக் குளிர்காலத்தில் மின்கட்டண அறிக்கையைப் பார்த்ததும், குடும்பத்தில் எல்லோரும் பேசிவைத்தாற்போல் பெட்டியின் மேல்தான் பழியைப் போட்டோம். வீட்டில் குளிர் தெரியவில்லை, வெந்நீர் தடையில்லாமல் வந்தது, ஆனாலும் ஆண்டு முடிவில் 6,070 யூனிட் மின்சாரம் செலவாகி 17,600 யூனிட் வெப்பம் கிடைத்திருந்தது. நிறுவியவர்களைக் கேட்டபோது, ‘குளிர் அதிகமான ஆண்டு’ என்ற பதில்தான் வந்தது. ஒருநாள் விடியற்காலையில் கட்டுப்பாட்டுப் பலகையின் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தபோது, நான்காவது பட்டியலின் அடியில், மின்னல் குறியுடன் ஒரு வரி கண்ணில் பட்டது: துணை ஹீட்டர், 900 யூனிட். கம்ப்ரஸருக்குக் கைகொடுக்கவென்று பெட்டிக்குள் வைத்திருக்கும் சாதாரண மின்சுருள் அது. வாளித் தண்ணீரில் முக்கி வைக்கும் ஹீட்டருக்கும் அதற்கும் வேறுபாடில்லை, ஒரு யூனிட் கொடுத்தால் ஒரு யூனிட்தான் திரும்பக் கிடைக்கும். வெளியே 3 டிகிரிக்குக் கீழே போனாலே அது தானாக எரியத் தொடங்கும்படி அமைப்பை விட்டுப் போயிருந்தார்கள். எட்டு கிலோவாட் கம்ப்ரஸருக்கு அந்தக் குளிரில் எந்த உதவியும் தேவைப்பட்டிருக்கவில்லை. வரம்பை மைனஸ் 12க்கு இறக்கினேன். அன்றிலிருந்து நோய்க்கிருமித் தடுப்புக்காக வெந்நீர்த் தொட்டியை அவ்வப்போது 60 டிகிரிக்கு ஏற்றும் நேரத்தைத் தவிர அந்த மின்னல் குறி ஒளிர்ந்ததில்லை.

இரண்டாவது பிழை இன்னும் நுட்பமானது, திருத்தவும் அதிக நாள் பிடித்தது. வெளியே குளிர் கூடக் கூட ரேடியேட்டர் நீரின் சூட்டை எவ்வளவு கூட்ட வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்லும் ஒரு கோடு இருக்கிறது. வெப்பக்கோடு என்றே அதை அழைக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது, எந்தப் புகாரும் வந்துவிடக்கூடாது என்ற எச்சரிக்கையோடு, கடுங்குளிர் நாளில் 52 டிகிரி அனுப்பும்படி வைக்கப்பட்டிருந்தது. அதனால் அறைகள் சூடேறிவிட, ரேடியேட்டர்களின் வெப்பக்கட்டுப்பாட்டுத் திருகுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ள, நீர் ஓட இடமில்லாமல் கம்ப்ரஸர் பத்து நிமிடம் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. பாய்லருக்குப் பழகிய கை, குளிர்ந்தால் தெர்மோஸ்டாட்டை ஏற்றும், வெளியே கிளம்பும்போது இறக்கும். இந்த இயந்திரத்துக்கோ அந்தப் பழக்கமே ஆகாது. மெல்லிய சூட்டில், இரவு பகலாக, நிற்காமல் ஓடவிட்டால்தான் அது சிக்கனமாக இருக்கும்.

ஆகவே இரண்டாம் குளிர்காலம் முழுவதும் நான் செய்த வேலை ஒன்றுதான்: அறைகளின் திருகுகளை முழுதாகத் திறந்துவிட்டு, வெப்பக்கோட்டை வாரத்துக்கு ஒரு டிகிரி வீதம் இறக்கி, வீட்டில் யார் முதலில் போர்வையைத் தேடுகிறார்கள் என்று பார்ப்பது. 46 டிகிரியில் வடக்குப் பக்கத்து அறை தோற்றது. அங்கும் இன்னும் இரண்டு அறைகளிலும் ஒற்றைத் தகடு ரேடியேட்டர்களை எடுத்துவிட்டு, அதே நீளத்தில் இரட்டைத் தகடு உள்ளவற்றை மாட்டினோம். மேற்கூரையின் உட்பகுதியில் வெப்பக்காப்புப் பஞ்சை இன்னொரு அடுக்கு விரித்தோம். இப்போது மிகக் கடுமையான நாளில்கூட 41 டிகிரி போதுமானதாக இருக்கிறது. ரேடியேட்டரைத் தொட்டால் சுடாது. கைக்கு இதமாக, காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொட்டாற்போல் இருக்கும். இதைப் பார்த்துவிட்டு ‘இது வேலை செய்கிறதா?’ என்று கேட்காத விருந்தினர் இல்லை. அறையில் இருக்கும் வெப்பமானி 21 என்று காட்டினால் போதும், ரேடியேட்டர் சுட வேண்டிய அவசியமில்லை என்று விளக்கி விளக்கி எனக்கே அலுத்துவிட்டது.

மூன்றாம் ஆண்டுக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். மொத்தம் 16,900 யூனிட் வெப்பத்துக்கு 4,450 யூனிட் மின்சாரம் செலவானது. இதில் வீட்டைச் சூடேற்றிய பகுதிக்கு மட்டும் பயன்திறன் 4.1, வெந்நீருக்கு 2.7. வெந்நீரை 50 டிகிரியைத் தாண்டி ஏற்றியாக வேண்டும் என்பதால் அங்கே சரிவு தவிர்க்க முடியாதது. இதிலிருந்து ஒரு முரணும் பிறக்கிறது: வீட்டின் வெப்பக்காப்பு சிறக்கச் சிறக்க, சூடேற்றும் தேவை குறைந்து, மொத்தக் கணக்கில் வெந்நீரின் பங்கு பெருகி, ஆண்டுப் பயன்திறன் என்ற எண் சற்று இறங்கக்கூடும். எண் இறங்கினாலும் செலவு குறைந்திருக்கும். இந்த எண்ணை மட்டுமே வைத்து இரண்டு வீடுகளை ஒப்பிடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இனி நிலத்தைப் பற்றி. இந்த வகைக்கு நிலம்தான் பலம், அங்கே செய்த தவற்றைப் பின்னால் சரிசெய்யவும் முடியாது. ஆழ்துளையின் ஒவ்வொரு மீட்டரும் எவ்வளவு வெப்பம் தரும் என்பதை மண்ணே முடிவுசெய்கிறது. ஜெர்மானியப் பொறியியல் வழிகாட்டியான வி.டி.ஐ. 4640, தன் 2001ஆம் ஆண்டுப் பதிப்பில், ஆண்டுக்கு 2,400 மணி நேரம் ஓடும் சிறிய அமைப்புகளுக்கு, உலர்ந்த மணலில் மீட்டருக்கு 20 வாட்டுக்கும் குறைவு, சாதாரணப் பாறையிலும் நீர் ஊறிய படிவுகளிலும் சுமார் 50 வாட், வெப்பம் நன்கு கடத்தும் கெட்டிப் பாறையில் 70 வாட் வரை என்று கணக்குக் கொடுத்தது. ஒரே வீட்டுக்கு ஓரிடத்தில் 90 மீட்டர் போதும், மற்றோர் இடத்தில் 300 மீட்டரும் போதாது என்பதுதான் இதன் பொருள். எங்களுக்குத் துளையிட்டபோது முதல் 20 மீட்டர் வரை களிமண் குழம்பாக வந்து, பிறகு சாம்பல் நிறப் பாறைத்தூள் வரத் தொடங்கியது. துளையிட்டவர் அதை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்து, ‘ஈரமாக இருக்கிறது, நல்லது’ என்று மட்டும் சொன்னார். குழாயை இறக்கிய பிறகு துளையில் பென்டோனைட் என்ற களிமண் வகை கலந்த சாந்தை அடியிலிருந்து மேலே வரும்படி நிரப்பினார்கள். அந்தச் சாந்தில் காற்றிடைவெளி விழுந்தால் குழாய்க்கும் பாறைக்கும் இடையே வெப்பம் கடக்காது என்பதால், அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

நிலத்திலிருந்து வரும் கலவையின் வெப்பநிலையை நான்கு ஆண்டுகளாகக் குறித்து வருகிறேன். இலையுதிர் காலத்தில் 10 டிகிரிக்கு அருகில் தொடங்குவது, குளிர்காலத்தின் முடிவில் 3 டிகிரியை ஒட்டி நிற்கிறது. கோடையில் மறுபடி ஏறிவிடுகிறது. நான்கு குளிர்காலங்களிலும் அடிமட்டம் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருப்பதால் எங்கள் துளை போதுமான ஆழம் என்று இப்போது தைரியமாகச் சொல்ல முடிகிறது. செலவைக் குறைக்கத் துளையின் ஆழத்தைக் குறைத்தவர்களுக்கு இந்த எண் ஆண்டுக்காண்டு இறங்கிக்கொண்டே போகும். நிலம் ஒரு கோடையில் மீட்டெடுக்கக்கூடியதைவிட அதிகமாக எடுத்தால் சுற்றியுள்ள மண் உறையத் தொடங்கும், பயன்திறன் தேயும், கடைசியில் அந்த மின்சுருள்தான் வீட்டைச் சூடாக்கும். எந்த அமைப்புத் திருத்தத்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது. இன்னொரு துளை போட வேண்டும்.

தோட்டம் பெரிதாக இருப்பவர்கள் ஆழ்துளைக்குப் பதிலாக ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் குழாயைப் படுக்கையாகப் பரப்பலாம். செலவு குறையும், ஆனால் சூடேற்றும் பரப்பைவிட அதிகமான திறந்த நிலம் வேண்டும், அதன்மேல் கட்டடமோ சிமெண்ட் தளமோ வரக்கூடாது. அந்த ஆழத்தில் இருக்கும் வெப்பம் வெயிலும் மழையும் கொடுத்ததுதான், ஆகவே அவற்றைத் தடுக்கும் எதுவும் கேடுதான். துளையிடுவதிலும் ஆபத்து இல்லாமலில்லை. ஜெர்மனியின் ஷ்டாவ்ஃபன் நகரில் 2007இல் நகர மன்றக் கட்டடத்தைச் சூடேற்றப் போட்ட துளைகள் வழியே நிலத்தடி நீர் நீரற்ற ஜிப்சப் பாறை அடுக்கை எட்டிவிட, அந்த அடுக்கு நீரை உறிஞ்சி உப்பி நகரத்தையே மேலே தூக்கியது. 250க்கும் மேற்பட்ட வீடுகளில் விரிசல் விழுந்தது. இது மிக அரிதான நிகழ்வு என்பது உண்மை. நிலவியல் அறிக்கை எதற்கு என்று சலித்துக்கொள்பவர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு.

காற்றுவகை ஹீட் பம்பை வாங்கியிருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. வெளியே மைனஸ் 10 டிகிரியில் நிற்கும்போது, காற்றுவகை அந்தக் குளிர்ந்த காற்றிலிருந்துதான் வெப்பத்தைத் திரட்ட வேண்டும், இடையிடையே தன்மேல் படியும் பனியை உருக்க அந்த வெப்பத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். எங்கள் பெட்டிக்கோ அன்றைக்கும் 4 டிகிரியில் கலவை வந்துகொண்டிருக்கும். ஆனால் குளிர்காலம் முடிந்த இளவெயில் நாட்களில் நிலைமை தலைகீழாகும்: வெளியே காற்று 12 டிகிரியில் இருக்க, பல மாதம் வெப்பத்தைப் பறிகொடுத்த நிலம் 4, 5 டிகிரியில் கிடக்கும். அப்போது காற்றுவகைதான் முந்தும். குளிர் மிதமான இடத்தில், சிறிய வீட்டுக்கு, துளையிடும் செலவு மின்சாரச் சேமிப்பில் திரும்பி வருவது கடினம் என்பதே என் கருத்து. நீண்ட கடுங்குளிர், பெரிய வீடு, வெளியே விசிறி வைக்க இடமில்லாத அல்லது அதன் ஓசையைப் பொறுக்காத அக்கம்பக்கம் என்றால் கணக்கு மாறும்.

ஓசையைப் பொறுத்தவரை குறைசொல்ல ஒன்றுமில்லை. கதவை மூடினால் ஃபிரிட்ஜின் முனகலளவுகூடக் கேட்பதில்லை. பராமரிப்பும் சொற்பம். ஆண்டுக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழற்றிக் கழுவுகிறேன், நிலச்சுற்றின் அழுத்தமானியைப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டாம் ஆண்டில் குழாய் சுவரைத் துளைக்கும் இடத்தில் நுரை உறை ஒரு விரலளவு விலகி, அந்த இடைவெளியில் மட்டும் ஈரம் கோத்து, பெருங்குளிரில் வெண்பனி பூத்து, கீழே சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. ஒட்டுநாடாவோடு பத்து நிமிட வேலை. நிறுவியவர்கள் அந்தப் பத்து நிமிடத்தைச் செலவிட்டிருந்தால் சுவருக்கு மறுபடி வண்ணம் பூசியிருக்க வேண்டியதில்லை.

கோடையில் ஒரு கூடுதல் பயன் இருக்கிறது. தரைக்குள் குழாய் பதித்த வீடுகளில், கம்ப்ரஸரை ஓட்டாமலே, நிலத்தின் குளிர்ச்சியை நேரே தரைக்கு அனுப்பலாம்; இரண்டு சிறிய நீர்ப்பம்புகளுக்கான மின்சாரம் மட்டுமே செலவு, போதாக்குறைக்கு வீட்டின் வெப்பம் நிலத்துக்கே போய்ச் சேர்ந்து அடுத்த குளிர்காலத்துக்கு உதவும். ரேடியேட்டர் வீடான எங்களுக்கு அது இல்லை: தகடுகளின் பரப்பு போதாது, அதிகம் குளிர்வித்தால் வியர்த்துத் தரையில் சொட்டும்.

மறுபடி வாங்க நேர்ந்தால் இதே வகையைத்தான் வாங்குவேன், ஆனால் பெட்டியின் தயாரிப்பாளர் யார் என்பதைக் கடைசியாகத்தான் கேட்பேன். ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியே வெப்ப இழப்புக் கணக்கு எழுத்தில் வேண்டும். மிகக் குளிர்ந்த நாளில் ரேடியேட்டர் நீர் 45 டிகிரியைத் தாண்டாது என்ற உறுதி வேண்டும். துணை ஹீட்டரும் நீர்ப்பம்புகளும் உட்பட முழு அமைப்புக்குமான ஒரு மின்மீட்டரும், வெளியேறும் வெப்பத்துக்கு ஒரு மீட்டரும் முதல் நாளே பொருத்தப்பட வேண்டும். எங்கள் முதல் ஆண்டின் 900 யூனிட் வீணானது பெட்டிக்குள் இருந்த கணக்கால்தான் தெரியவந்தது. பல வீடுகளில் அந்தக் கணக்கே இருப்பதில்லை. துளையை மட்டும் இன்னும் 20 மீட்டர் ஆழமாகப் போடச் சொல்லியிருப்பேன். கம்ப்ரஸர் இருபது இருபத்தைந்து ஆண்டுகளில் தேய்ந்துபோகும், நிலத்தில் இறக்கிய பாலிஎத்திலீன் குழாயோ ஐம்பது ஆண்டுகளைத் தாண்டும். அடுத்த பெட்டியும் அதே துளையில்தான் பொருந்த வேண்டியிருக்கும்.